அறையை விட்டு வெளியே போகிறவர்

2023இல் 'மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே' படம் வந்தபோது அதைப் பார்த்த நம்மவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் பேசினார்கள். கையால் சோறூட்டியதற்கும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டதற்கும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிற நாடா அது? குடும்பம் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்களா? 2011இல் ஸ்டவாங்கர் நகரில் ஓர் இந்தியக் குடும்பத்துக்கு நேர்ந்ததைத் தழுவிய படம் அது. ராணி முகர்ஜி அழுத அழுகையில் எதிர்த்தரப்பு என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிற்று. கையால் ஊட்டுவதும் ஒரே கட்டிலில் படுப்பதும் எங்கள் நாட்டில் குழந்தையை எடுக்கக் காரணமாகாது என்று நார்வேயின் தூதர் பத்திரிகையில் எழுதினார். கோப்பைக் காட்டி நிரூபிக்க அவரால் முடியாது. ஒரு குழந்தையைப் பற்றிய தகவலை வெளியே சொல்ல அந்நாட்டுச் சட்டம் விடாது. படம் ஜெயித்தது.

இதற்கு நேர் எதிரான பேச்சும் நம்மிடம் உண்டு. சமூகப் பணித் துறையினர் கூடும் கருத்தரங்குகளில் அதைக் கேட்கலாம். மேலை நாடுகளில் முறை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, உரிமம் இருக்கிறது. இங்கே சேவை மனப்பான்மையும் நன்கொடை ரசீதும்தான் மிச்சம் என்பார்கள். முதல் பேச்சில் பெருமை, இரண்டாவதில் தாழ்வுணர்ச்சி. விசாரித்துச் சொன்ன பேச்சு இரண்டிலும் இல்லை.

சமூகப் பணி என்றால் என்ன என்று உலகுக்கே பொதுவாக ஒரு வரையறை இருக்கிறது. 2014 ஜூலையில் மெல்பர்னில் கூடிய சர்வதேச அமைப்புகள் ஏற்றுக்கொண்டது. சமூக மாற்றம், மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, பூர்வகுடி மக்களின் அறிவு எல்லாவற்றுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் கையெழுத்துப் போடக்கூடிய வாசகம் என்பதாலேயே, எந்த நாடு சரியாகச் செய்கிறது என்று அதை வைத்து எடைபோட முடியாது. எடைபோட வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட காரியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொள்வது இது: வீட்டுக்குள் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரியவருகிறது, என்ன செய்வதென்று யார் முடிவெடுப்பது, அந்த முடிவுக்கான செலவை யார் ஏற்பது?

முதலில் நார்வேக்கு நியாயம் செய்துவிடுவோம். கைவிடப்பட்ட, வழிதவறிய குழந்தைகளின் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று 1896லேயே சட்டம் இயற்றிய நாடு அது. குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு முறைகேள் அதிகாரியை 1981இல் நியமித்தது. பெற்றோர் அடிப்பதையும் 1987இல் தடை செய்தது. ஈழத்தமிழர் பலர் வாழும் ஒஸ்லோவில் 'பார்னவார்ன்' என்ற குழந்தை நல அமைப்பின் பெயரைக் கேட்டால் புலம்பெயர்ந்த வீடுகளில் அடிவயிறு கலங்கும் என்பார்கள். ஆனால் அந்த அமைப்பின் உதவியைப் பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் தம் வீட்டிலேயே இருக்கிறார்கள். பெற்றோருக்கு ஆலோசனை, மழலையர் பள்ளியில் இடம், வார இறுதியில் குழந்தையை வைத்துக்கொண்டு தாய்க்கு மூச்சுவிட நேரம் கொடுக்கும் உதவிக் குடும்பம் என்று நகராட்சியே செலவு செய்து அனுப்புகிறது. குழந்தையை நிரந்தரமாக எடுப்பதென்றால் சட்டம் தெரிந்தவரும் குழந்தை வளர்ப்பு நிபுணரும் சாதாரணக் குடிமகனும் அமர்ந்த ஒரு வாரியம் தீர்மானிக்க வேண்டும். பெற்றோருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. நம் மாவட்டத் தலைநகர் எதிலாவது இதில் பாதியாவது இருந்தால் சொல்லுங்கள்.

இத்தனை இருந்தும் 2019 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெருமன்றம் 13க்கு 4 என்ற பெரும்பான்மையில் நார்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. பிறந்து சில வாரங்களில் தாயிடமிருந்து எடுத்து, பிறகு தத்துக் கொடுக்கப்பட்ட ஒரு பையனின் வழக்கு. நீதிமன்றம் தொட்டுக்காட்டிய இடம் முக்கியமானது. குழந்தையை எடுத்த பிறகு தாயும் மகனும் சந்திக்க விட்டதே சொற்பம். அந்தச் சந்திப்புகளும் மேற்பார்வையாளர் எதிரில். அந்தச் சில மணி நேரங்களில் தாய் எப்படி நடந்துகொண்டாள், குழந்தை எப்படி அழுதது என்பதே பிறகு அவளுக்கு எதிரான சாட்சியம் ஆயிற்று. சேர்ந்திருக்க விடாமல் வைத்துவிட்டு, சேர்ந்திருக்கத் தெரியவில்லை என்று மதிப்பெண் போட்டார்கள்.

நம் திரைப்பட ரசிகர்கள் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று இங்கே இருக்கிறது. அந்தத் தாய் வந்தேறி அல்ல, நார்வேக்காரி. கையால் ஊட்டுவது பற்றிய சண்டை அங்கே எழவே இல்லை. எனவே 'அவர்களுக்கு நம் பண்பாடு புரியவில்லை' என்ற விளக்கம் பாதிதான் செல்லும். சொந்தப் பண்பாட்டுக்காரியிடமும் அதே அமைப்பு அப்படித்தான் நடந்துகொண்டது. கோளாறு கோப்பில் இருக்கிறது: நிபுணர் பார்க்கிறார், நிபுணர் எழுதுகிறார், எழுதியதை வைத்து நிபுணர்கள் முடிவெடுக்கிறார்கள். பெற்றோர் அந்தக் கோப்பின் பொருள், ஆசிரியர்கள் அல்லர். நார்வே அந்தத் தீர்ப்பைக் காதில் போட்டுக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் அதன் உச்ச நீதிமன்றம் திசையைத் திருத்தியது. 2023 ஜனவரி முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. தப்பை ஒத்துக்கொள்ளும் அரசு என்பது சின்ன விஷயம் இல்லை.

கோப்பு எங்கிருந்து வந்தது? 1869இல் லண்டனில் தொடங்கிய அறச்செயல் ஒழுங்கமைப்புச் சங்கத்திலிருந்து. கண்டபடி தர்மம் செய்வது ஏழையைக் கெடுக்கும், வீட்டுக்குப் போய் விசாரித்துத் தகுதி பார்த்துக் கொடு என்றது அந்தச் சங்கம். அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917இல் எழுதிய பெரிய நூல் அந்த விசாரணையை ஒரு கலையாக்கியது. மருத்துவர் நோயைக் கண்டறிவது போலக் குடும்பத்தின் குறையைக் கண்டறிய வேண்டும் என்றார். அதற்கு முன்பே, 1889இல், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் வேறொரு பாதை போட்டிருந்தார். ஏழைகள் வாழும் தெருவிலேயே ஹல் ஹவுஸ் என்று வீடெடுத்துக் குடியேறி, அவர்களோடு சேர்ந்து குப்பை அள்ளுவதற்கும் தொழிற்சாலைச் சட்டத்துக்கும் சண்டை போட்டார். 1931இல் அவருக்கு நோபல் கிடைத்தது. வேலை என்னவோ ரிச்மண்டின் கோப்புக்குத்தான் கிடைத்தது. அரசாங்கத்தால் கோப்பை எண்ண முடியும். அண்டை வீட்டுக்காரியாக வாழ்ந்ததை எப்படி எண்ணுவது?

இந்தியாவுக்கு இரண்டும் ஒரே ஆள் வழியாக வந்தன என்பது வேடிக்கை. பம்பாய் நாக்பாடாவில் அண்டையர் இல்லம் நடத்திய கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரிதான் 1936இல் டாடா சமூகப் பணிப் பள்ளியின் முதல் இயக்குநரானார். அண்டையர் இல்லத்திலிருந்து வந்தவர்தான், ஆனால் பாடத்திட்டத்தில் கோப்பின் கை ஓங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952இல் சமூகப் பணிப் பள்ளி வந்தது. தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. பிறகென்ன, எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களில் ஒரு பெரும் பகுதி பணியாளர் நிர்வாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் ஹெச்.ஆர். அறைகளில் சமூகப் பணிப் பட்டதாரிகளைப் பார்க்கலாம். ஏழை நாடுகளுக்கு இந்தத் தொழில் ஏற்றுமதியான விதத்தை ஜேம்ஸ் மிட்ஜ்லி 1981இல் தொழில்முறை ஏகாதிபத்தியம் என்றே அழைத்தார். கடுமையான சொல், முழுக்கச் சரியுமில்லை. பம்பாய்த் தெருப்பிள்ளைகளோடு புழங்கியதிலிருந்து பின்னாளில் நிறுவனமான அதே டாடா பள்ளியின் களத்திட்டமாக 1996இல் பிறந்த 1098 என்ற குழந்தை உதவித் தொலைபேசி எண் எந்த அமெரிக்கப் பாடநூலிலிருந்தும் இறக்கியதல்ல.

இனி நியூசிலாந்து. இந்தக் கட்டுரையின் கனம் அங்கேதான் இருக்கிறது.

1980களில் நியூசிலாந்தின் சமூக நலத்துறைக்கு அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு. பிள்ளைகளை எடுத்து வெள்ளைக்கார வீடுகளிலும் அரசு விடுதிகளிலும் வைப்பது வழக்கமாகியிருந்தது. ஜான் ரங்கிஹாவ் என்ற மாவோரி மூத்தவர் தலைமையில் ஒரு குழு, மாவோரிகளின் ஊர்க்கூடங்களுக்கும் துறை அலுவலகங்களுக்கும் போய்க் கேட்டு அறிக்கை தந்தது. 'விடியல்' என்று பொருள்படும் அதன் பெயர் புவாவோ தே ஆட்டா டூ. துறையின் சட்டதிட்டங்களிலேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்று அது ஒளிக்காமல் சொன்னது. 1989இல் வந்த குழந்தைகள், இளையோர், அவர்தம் குடும்பங்கள் சட்டம் அந்த அறிக்கையின் பிள்ளை. அது கொண்டுவந்த முறைக்குப் பெயர் குடும்பக் குழுக் கூட்டம்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். முடிவெடுப்பது அவர் வேலை இல்லை, ஆட்களைக் கூட்டுவதுதான். தாய், தகப்பன், இரு பக்கத்துப் பாட்டி தாத்தா, அத்தை, மாமா, வேறு ஊரில் இருக்கும் பெரியப்பா என்று தேடித்தேடி அழைப்பார். இடம் எதுவென்று குடும்பம் சொல்லலாம். ஊர்க்கூடமாகவும் இருக்கலாம், வீட்டுக் கூடமாகவும் இருக்கலாம். மாவோரிக் குடும்பமென்றால் பிரார்த்தனையோடு தொடங்கும். பிறகு சமூகப் பணியாளர் தனக்குத் தெரிந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்: குழந்தையின் உடம்பில் என்ன காயம், பள்ளிக்கு எத்தனை நாள் வரவில்லை, மருத்துவர் என்ன எழுதினார். குடும்பத்தார் குறுக்கே கேட்கலாம், மறுக்கலாம். அதன் பிறகு வருவதுதான் விஷயம். சமூகப் பணியாளர், ஒருங்கிணைப்பாளர், வழக்கறிஞர் எல்லோரும் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள். குடும்பம் கேட்டுக்கொண்டாலொழிய அந்தப் பேச்சில் உட்கார அவர்களுக்கு உரிமை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. உள்ளே ஒரு மணி நேரமும் ஆகலாம், பொழுது சாயவும் செய்யலாம். யார் உண்மையில் குடியை விட்டார், யார் விட்டதாகச் சொல்கிறார், எந்தச் சித்தி வீட்டில் அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும், யார் சொன்னால் அந்தத் தகப்பன் அடங்குவான் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் ஏறாத செய்திகள். அவை தெரிந்தவர்கள் அந்த அறைக்குள்தான் இருக்கிறார்கள். பேசி முடித்துக் கதவைத் திறந்து திட்டத்தைச் சொல்வார்கள். அதிகாரிகள் ஒப்புக்கொண்டால் அதுவே முடிவு, ஒப்பாவிட்டால் நீதிமன்றம்.

நம்மவர்கள் உடனே சொல்லக்கூடியது எனக்குத் தெரியும்: இது நம் பஞ்சாயத்துதானே! அல்ல என்றே சொல்வேன். பஞ்சாயத்தில் ஊர்ப் பெரியவர்கள், பச்சையாகச் சொன்னால் சாதிப் பெரியவர்கள், குடும்பத்துக்காக முடிவெடுக்கிறார்கள். பெண் ஓரமாக நிற்பாள், பிள்ளை வெளியே நிற்கும். இங்கே முடிவெடுப்பது அந்தப் பிள்ளையின் இரத்த உறவுகள், தாய்வழி தந்தைவழி இரண்டும். உண்மைகள் முதலிலேயே எல்லோர் காதிலும் விழுந்தாக வேண்டும். திட்டம் ஆபத்தானதென்றால் மறுக்கும் அதிகாரம் வெளியே நிற்கிறது.

ஆனால் அந்த வேறுபாட்டைச் சொன்னதோடு சந்தேகம் தீர்ந்துவிடாது. அறைக்குள் அடிக்கிறவனும் உட்கார்ந்திருந்தால்? பாட்டிக்கு அவன் மகன்தானே? குடும்ப மானம் என்று பேச ஆரம்பித்தால் குழந்தை சொன்னது அமுங்கிப்போகாதா? நியூசிலாந்திலேயே இந்தக் கேள்வி வந்தது. 1992இல் நீதிபதி மேசன் தலைமையிலான மறுஆய்வு, குடும்பத்துக்கு இடம் கொடுத்த வேகத்தில் குழந்தையின் நலன் பின்னுக்குப் போகிறது என்று எச்சரித்தது. 1994இல் சட்டத்தைத் திருத்தி, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று எழுதினார்கள். சரியான திருத்தம். குடும்பத்தைக் கும்பிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வன்முறை நடந்த வீட்டில் யார் அறைக்குள் இருக்கக்கூடாது என்று தீர்மானிக்கவும், குழந்தைக்காகப் பேச ஒரு தனி ஆளை வைக்கவும் தெரியாத கூட்டம் ஆபத்தானது. அது நடக்காமலிருப்பதே மேல்.

பலன் இருக்கிறதா என்று ஆராய்ந்தவர்கள் சொன்னதும் ஒரே திசையில் இல்லை. ஸ்வீடனில் சுண்டெல், வின்னர்லியுங் இருவரும் இந்தக் கூட்டங்கள் வழியாக வந்த 97 குழந்தைகளை வழக்கமான விசாரணை வழியாக வந்த 142 குழந்தைகளோடு மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். நன்மை தெரியவில்லை, சொல்லப்போனால் கூட்டம் நடத்திய குழந்தைகள் பற்றியே மறுபடி அதிகப் புகார்கள் வந்தன. இங்கிலாந்தில் பல உள்ளாட்சிகளில் நடத்தி 2023இல் வெளியான பெரிய சோதனையில் நேர்மாறான முடிவு. குழந்தையை எடுக்க வழக்குப் போடும் தறுவாயில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தபோது, கூட்டத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 36 பேர் ஓராண்டுக்குள் அரசுப் பராமரிப்புக்குப் போனார்கள். அனுப்பப்படாதவர்களில் சுமார் 45 பேர். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைக்கு நான் அதிக எடை கொடுப்பேன். ஸ்வீடன் முடிவைத் தள்ளிவிடவும் மாட்டேன். சொந்தக்காரர்கள் விழிப்பாகிவிட்டால் புகாரும் கூடும் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனாலும் பழைய எந்திரத்தை அப்படியே ஓடவிட்டு நடுவில் ஒரு கூட்டத்தைச் செருகினால் பெரிதாக எதுவும் மாறாது என்பதுதான் அதிலிருந்து எனக்குத் தெரிகிற பாடம்.

நியூசிலாந்தே அதற்குச் சாட்சி. 1989இல் முடிவெடுக்கும் உரிமையைக் குடும்பங்களிடம் கொடுத்த அரசு, ஆட்சி மாறியதும் 1991 ஏப்ரலில் உதவித்தொகைகளை வெட்டியது. பிள்ளையை நீயே வைத்துக்கொள் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அத்தையின் வருமானத்தைக் குறைத்தால் அது பொறுப்பை ஒப்படைத்ததாகுமா, தலையில் கட்டியதாகுமா? பல கூட்டங்கள் ஒப்புக்கு நடந்தன. 2019இல் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில் பிறந்து சில நாளே ஆன மாவோரிக் குழந்தையைத் தாயிடமிருந்து எடுக்க அதிகாரிகள் முயன்ற காட்சி செய்திப் படமாக வெளியானபோது நாடே கொதித்தது. முப்பதாண்டுச் சட்டத்துக்குப் பிறகும், குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கான மாவோரிகள் அரசுப் பராமரிப்பில் மூன்றில் இரண்டு பங்காக இருந்தார்கள். 2021இல் வைதாங்கி தீர்ப்பாயம், மாவோரிகளோடு செய்த ஒப்பந்தத்தை அரசு மீறியது என்றும் இந்தப் பொறுப்பை மாவோரிகளிடமே மாற்ற ஓர் அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. மாவோரிகள் தொடர்பான அரசின் கடமையைச் சட்டத்தில் எழுதிய ஒரு பிரிவு 2019இல் நடப்புக்கு வந்தது. 2025இல் வேறொரு ஆட்சி அதை நீக்கிவிட்டது.

அப்படியானால் அரசே எடுத்து வளர்ப்பது மேலா? அதற்கும் அதே நாட்டில் பதில் கிடைத்துவிட்டது. அரசு இல்லங்களிலும் மதநிறுவன இல்லங்களிலும் நடந்ததை ஆராய்ந்த ராயல் கமிஷனின் இறுதி அறிக்கை 2024 ஜூலையில் வெளியானது. 1950 முதல் 2019 வரை பராமரிப்பில் இருந்த சுமார் 6,55,000 பேரில் ஏறத்தாழ 2,00,000 பேர் கொடுமைக்கு ஆளானதாக மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். குடும்பத்தில் ஆபத்து உண்டு என்பதால் இல்லத்தில் ஆபத்து இல்லை என்றாகிவிடாது.

நமக்கு இது தெரியாத பாடமில்லை. மாமல்லபுரம் பக்கத்து அனாதை இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக 2007இல் வந்த பத்திரிகைச் செய்திதான் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, 2017 மே 5 அன்று எல்லா இல்லங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்ற தீர்ப்பில் முடிந்தது. இருந்தாலும் ஆபத்தில் இருக்கும் பிள்ளை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது இல்லம்தான். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பாருங்கள். பெண் சிசுக் கொலையிலிருந்து உயிர்களைக் காப்பாற்றியது அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கள்ளிப்பாலைக் கொடுப்பதற்குப் பதிலாகத் தொட்டிலில் போடு என்று சொன்ன அரசு, அந்தத் தாயை எது அங்கே தள்ளியது என்று அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. பெண்கள் இயக்கங்கள் அப்போதே சுட்டிக்காட்டிய குறை இது. பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கை இருந்தது. வீட்டைத் தாங்கும் கை இல்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்வோம். தாய் இறந்துவிட்டாள், தகப்பன் குடிகாரன், ஒன்பது வயதுப் பெண் பள்ளிக்கு வருவதில்லை. ஆசிரியை 1098க்கு அழைக்கிறார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக்குழு முன் நிறுத்துகிறார்கள். குழு அவளை ஒரு இல்லத்துக்கு அனுப்பிவைத்துச் சமூக விசாரணை அறிக்கை கேட்கிறது. அறிக்கைக்குப் பதினைந்து நாள், மொத்த விசாரணைக்கு நான்கு மாதம். அறிக்கைக்கென்று விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது. குடும்பத்தார் பெயர், வயது, வருமானம், நோய், கெட்ட பழக்கம் என்று கட்டங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் இடையே உறவு எப்படி என்ற கேள்விக்கு மூன்று விடைகள்: சுமுகம், சுமுகமில்லை, தெரியவில்லை. ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு சித்தி இருக்கிறாள். சென்னையில் ஆட்டோ ஓட்டும் மாமா இருக்கிறார். பக்கத்து ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாச்சி இருக்கிறாள். ஆதாரையும் ரேஷன் அட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மாச்சி வருவாள். இந்த வயதில் எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று அவளிடம் கேட்பார்கள். பொறுப்பான அலுவலர் என்றால் சித்திக்கும் போன் போடுவார். ஆனால் இந்த மூன்று பேரையும் அழைத்து, பஸ் காசு கொடுத்து, நடந்ததைச் சொல்லி, நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும் கடமை யாருக்கும் கிடையாது. இல்லம் என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவில் அழகாக எழுதியிருக்கிறது. கடைசி வழிக்கு முன்னால் உள்ள வழிகளில் யார் நடத்திக்கொண்டு போவது என்றுதான் எழுதவில்லை.

நம் சமூகத்தின் உண்மையான சமூகப் பணியை இன்றுவரை செய்துவருவது அம்மாச்சிகள்தான். சம்பளமில்லாமல், அங்கீகாரமில்லாமல், அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லாமல். அதைக் கூட்டுக் குடும்பத்தின் பெருமை என்று மேடையில் பேசுகிறவர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. அந்தப் பெருமைக்கு ஒரு கிழவி தன் மாத்திரைக் காசைச் செலவழிக்கிறாள். சமீபத்தில் சில நல்ல அடிகள் விழுந்திருக்கின்றன. வீட்டிலேயே வளரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்து உறவினர் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தொகை போதாது. ஆனால் உறவினர் செய்வது வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்று அரசு ஒத்துக்கொண்ட இடம் இது.

ஆகவே என் தீர்ப்பு இது. யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்கு நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டு விடையே சரி, 1994 திருத்தத்தோடு சேர்த்து. யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு நார்வேயின் விடையே சரி. நார்வே முதல் கேள்வியில் தோற்றது, நியூசிலாந்து இரண்டாவதில். நாம் இரண்டிலும் தேறவில்லை. அந்த இரண்டு நாடுகளுக்கும் இல்லாத அளவுக்குச் சொந்தபந்தம் நம்மிடம் இருக்கிறது என்பதே நம் கையிலுள்ள முதல். சாதியும் ஆண் அதிகாரமும் அதில் கலந்திருப்பது தெரியும். அதனால்தான் வெறும் பஞ்சாயத்து போதாது. மறுக்கும் அதிகாரமுள்ள சமூகப் பணியாளர் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதற்குப் புதிய துறை எதுவும் வேண்டாம். மாவட்டம்தோறும் குழந்தைப் பாதுகாப்பு அலகு இருக்கிறது, நலக்குழு இருக்கிறது, படித்துவிட்டு ஹெச்.ஆர். வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். ஒரு குழந்தையை நெடுங்காலத்துக்கு இல்லத்துக்கு அனுப்பும் உத்தரவில், அதற்கு முன் இரு பக்கத்து உறவினரும் கூட்டப்பட்டார்களா, அவர்கள் தனியே பேச விடப்பட்டார்களா, வைத்துக்கொள்ள முன்வந்தவருக்கு உதவித்தொகை ஏற்பாடானதா என்று மூன்று வரி எழுதியாக வேண்டும் என்ற விதி போதும். மாநில விதிகளை அடுத்த முறை திருத்தும்போது அரசு இதைச் சேர்க்க வேண்டும்.